சவலையும் காய்ச்சலும்

தெற்கு நைஜரின் ஜிந்தர், மராடி வட்டாரங்களில் மழை ஜூனில் பிடித்து செப்டம்பரில் விடும். கம்பு விதைப்பது முதல் மழையில். அறுப்பது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும். இடைப்பட்ட மாதங்களில் போன வருடத்துக் கம்பு குதிரில் தீர்ந்திருக்கும், இந்த வருடத்துக் கம்பு வயலில் பச்சையாக நிற்கும். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளின் மொழியான பிரெஞ்சில் இந்தக் காலத்துக்கு 'சூதூர்' என்று பெயர். பற்றவைப்பு என்று பொருள். தீர்ந்த தானியத்தையும் வரப்போகும் தானியத்தையும் எப்படியாவது ஒட்டவைத்துக் கடக்கவேண்டிய நாட்கள். அதே நாட்களில் வயலோரக் குட்டைகளில் தண்ணீர் தேங்கி, அனாபிலிஸ் கொசு பெருகுகிறது. பசியும் மலேரியாவும் ஒரே வீட்டுக்கு, பெரும்பாலும் ஒரே குழந்தையின் உடம்புக்கு, சேர்ந்து வருகின்றன. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அங்குள்ள குழந்தைகள் வார்டுகளில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள் கிடப்பது புதிதல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அவர்களில் 95 சதவீதம் பேர் ஆப்பிரிக்காவில்; அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கடும் மலேரியாவுக்கு நல்ல மருந்து உண்டு. கடும் ஊட்டக்குறைவுக்கும் தேர்ந்த சிகிச்சை முறை உண்டு. ஆனால் ஒன்றுக்கு அவசரமாகச் செய்யவேண்டியதை மற்றது தாங்காது. மலேரியா சர்க்கரையையும் ரத்தத்தையும் உடனே கேட்கும். மெலிந்த உடம்பின் இதயமோ அவற்றைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்கும். இந்த இழுபறியின் நடுவே உட்கார்ந்திருப்பவர் செவிலியர். மருத்துவர் காலையில் எழுதும் உத்தரவு நான்கு வரி. அதை இருபத்துநான்கு மணி நேரமாகப் பிரித்துக் கொடுப்பது முழுக்கச் செவிலியரின் கணக்கு.

ஊட்டக்குறைவை ஹௌசா மொழியில் 'தமோவா' என்பார்கள். மருத்துவ நூல்களில் உள்ள 'குவாஷியோர்க்கர்' என்ற சொல் கானாவின் கா மொழிக்கு உரியது. ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில், அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானாவில் வேலை பார்த்தார். கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிப் போன குழந்தைகளை அங்கே கண்டார். அடுத்த பிள்ளை வந்ததும் முந்தைய பிள்ளைக்கு வருவது என்ற பொருளில் ஊரார் வைத்திருந்த பெயரையே 1935-இல் லான்செட் இதழில் எழுதினார். தமிழில் சவலை என்ற சொல்லும் இதைத்தான் சொல்கிறது: அடுத்த கரு உண்டாகி, தாய்ப்பால் நின்று, நோஞ்சானாகிப்போகும் பிள்ளை. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளில் வீட்டுப் பெண்கள் நோய்க்குக் காரணத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். புரதக் குறைவு மட்டுமே காரணம் என்று பின்னால் வந்த விளக்கம் முழுசாக நிற்கவில்லை. வீக்கம் ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் வருகிறது என்பது இன்னும் தீராத விவாதம்.

வார்டில் வேலைக்கு வேண்டிய அடையாளங்கள் எளியவை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நாடா சிவப்புக் காட்டும். உயரத்துக்கு ஏற்ற எடை மிகவும் குறைந்திருப்பது இன்னொரு அடையாளம். இரண்டு புறங்கால்களையும் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்பது மூன்றாவது. வீங்கிய குழந்தையின் எடை ஏமாற்றும். எட்டு கிலோவில் எவ்வளவு குழந்தை, எவ்வளவு தண்ணீர் என்று தராசு சொல்லாது. சேர்ந்த முதல் வாரத்தில் அந்தக் குழந்தையின் எடை இறங்கினால் தாய் பயப்படுவார். வீக்கம் வடிவதால் இறங்கும் எடை அது, நல்ல சேதி என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

நைஜரில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2006 முதல் அரசு மருத்துவம் இலவசம். இருந்தும் குழந்தைகள் தாமதமாகத்தான் வருகிறார்கள். மழையில் பாதை அறுந்துகிடக்கும். வயலில் களையெடுப்பு நடக்கும். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கும். காய்ச்சலுக்கு முதலில் வேர்க் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால் 'வன்சாம்' என்னும் ஊர் நாவிதரிடம் கொண்டுபோய் உள்நாக்கை அறுக்கும் பழக்கமும் உண்டு. அறுத்த புண்ணோடு, சோகை பிடித்த குழந்தை வாசலுக்கு வந்து சேரும்போது புதிய செவிலியருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் தாயின் முகத்துக்கு நேரே வெளிப்பட்டால், அடுத்த குழந்தையை அவர் இன்னும் ஒரு நாள் தாமதித்துத்தான் கொண்டுவருவார்.

கிராமத்துச் சுகாதாரக் குடிலில் ஒரு சொட்டு ரத்தத்தில் துரிதப் பரிசோதனை செய்து, நினைவு தப்பிய குழந்தை என்றால் ஆசனவாய் வழியே மலேரியா மருந்தான ஆர்டிசுனேட் குளிகை வைத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது முறை. ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கிடையாது. கிடையாது என்பதை நிலைநிறுத்துவதுதான் வாசல் செவிலியரின் முதல் வேலை. மூச்சு, நிறம், நினைவு, வலிப்பு, கைகால் குளிர்ச்சி என்று முதுகில் கட்டிய துணியை அவிழ்க்கும்போதே கண் ஓடவேண்டும். உள்ளங்கை வெளுத்திருக்கிறதா என்று தாயின் உள்ளங்கையோடு ஒப்பிடுவார்கள். தாய்க்கும் சோகை என்றால் அந்த ஒப்பீடு பயன்படாது; செவிலியர் தம் கையைப் பக்கத்தில் வைப்பார்.

முதல் ஊசி குத்துவதற்கு முன் பார்க்கவேண்டியது சர்க்கரை. மலேரியா ஒட்டுண்ணி குளுக்கோஸைத் தின்று வளர்கிறது. காய்ச்சலும் வலிப்பும் இருப்பதைக் கரைக்கின்றன. மெலிந்த குழந்தையின் கல்லீரலில் சேமிப்பு எதுவும் கிடையாது. மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை கிணற்றின் அடிவரை இறங்கும். சத்துள்ள குழந்தைக்கு டெசி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 54-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நினைவு இருந்தால் 10 சதவீதச் சர்க்கரைக் கரைசல் 50 மில்லி லிட்டர் வாய்வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ போகும். நினைவு இல்லையென்றால் 10 சதவீத குளுக்கோஸ், கிலோவுக்கு 5 மில்லி லிட்டர் வீதம், நரம்பு வழியே. நரம்பு கிடைக்காத நேரத்துக்கு ஒரு எளிய வழி உண்டு: ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைச் சில சொட்டுத் தண்ணீரில் நனைத்து நாக்குக்கு அடியில் வைப்பது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வைக்கவேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் உடனே இன்னொரு கரண்டி. டீக்கடைச் சர்க்கரை போதும். கையில் ஊசிக்குழாய் இருக்கும் பெருமையில் இதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

ஒருமுறை சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்கு அடுத்த நான்கு மணி நேரத்தில் எந்த மதிப்பும் இல்லை. மறுபடி குத்திப் பார்த்தே ஆகவேண்டும். முன்பு கொடுத்துவந்த குயினைன் இன்சுலினைத் தூண்டிச் சர்க்கரையை மேலும் இறக்கும். அதை எட்டு மணிக்கு ஒருமுறை, நான்கு மணி நேர டிரிப்பாகச் சொட்டு எண்ணி ஏற்றவேண்டும். வேகமாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இரவு முழுக்கக் குயினைன் டிரிப்பைப் பார்த்திருந்த தலைமுறைச் செவிலியர்கள் ஆர்டிசுனேட்டை வரவேற்றதில் வியப்பில்லை. ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடந்து 2010-இல் வெளியான அக்வாமாட் ஆய்வில், குயினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதமும் ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 சதவீதமும் இறந்தனர். அதன் பிறகு குழந்தைகளுக்கும் ஆர்டிசுனேட் ஊசியே முதல் மருந்தாயிற்று.

ஆர்டிசுனேட் கலப்பது ஒரு சின்னச் சமையல். 60 மில்லிகிராம் பொடிக் குப்பியில் கூடவே வரும் 1 மில்லி லிட்டர் சோடியம் பைகார்பனேட்டை விட்டு, தெளியும்வரை குலுக்கவேண்டும். கலங்கியே இருந்தால் கொட்டிவிடவேண்டும். நரம்பு வழியே போடுவதானால் அதன்மேல் 5 மில்லி லிட்டர் உப்புநீர் சேர்த்தால் மில்லி லிட்டருக்கு 10 மில்லிகிராம். தொடையில் போடுவதானால் 2 மில்லி லிட்டர் மட்டும் சேர்த்தால் 20 மில்லிகிராம். 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் சேரும்போது ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று. பிறகும் வாய்வழியே மருந்து எடுக்க முடியாவிட்டால் நாளுக்கு ஒன்று. ஏழு கிலோக் குழந்தைக்கு 21 மில்லிகிராம். நரம்பில் என்றால் சுமார் 2 மில்லி லிட்டர், தொடையில் என்றால் 1 மில்லி லிட்டர். இரண்டு கணக்கையும் குழப்பினால் மருந்து இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். அதனால் கலக்கும்போதே குப்பியின் மேல் 'நரம்பு' அல்லது 'தசை' என்று ஒட்டுத்தாளில் எழுதிவைப்பது நல்ல வார்டின் பழக்கம். ஒரு மணி நேரம் கடந்த மிச்சம் குப்பைக்குப் போகவேண்டும். மருந்து தட்டுப்பாடான நாட்களில் மனசு வராது. ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளுக்குச் சேர்த்துக் கலப்பதுதான் அதற்குத் தீர்வு.

நினைவை அளக்க 1989-இல் மலாவியின் பிளாண்டயரில் மால்கம் மொலினோவும் டெர்ரி டெய்லரும் உருவாக்கிய அளவுகோல் பயன்படுகிறது. பேசத் தெரியாத குழந்தைக்கும் அது பொருந்தும். நகத்தின் அடியில் பென்சிலை வைத்து அழுத்தும்போது கை வலிக்கும் இடத்தைத் தட்டிவிடுகிறதா, வெறுமனே இழுத்துக்கொள்கிறதா. சரியாக அழுகிறதா, முனகுகிறதா. கண் தாயின் முகத்தைப் பின்தொடர்கிறதா. மொத்தம் ஐந்து மதிப்பெண். இரண்டும் அதற்குக் கீழும் ஆழ்ந்த நினைவிழப்பு. இங்கேயும் சவலை குறுக்கே வருகிறது. கடுமையாக மெலிந்த குழந்தை நல்ல நினைவில் இருக்கும்போதே யாரையும் பார்க்காது, அழுவதற்கு ஆற்றலின்றி முனகும். அளவுகோல் மூன்று என்று காட்டும். அது மூளை மலேரியாவா, பசியின் சோர்வா? தாயிடம் கேட்பதே நேர்வழி: நேற்று இப்படித்தான் இருந்ததா? வார்டுக்கு வந்ததும் ஒருமுறை எண்ணை எழுதிவிட்டு அதை நம்பி உட்காராமல், நான்கு மணிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே போனால் எண் நகரும் திசை பதிலைச் சொல்லிவிடும்.

வலிப்பு என்றால் உடம்பு தூக்கிப்போடும் என்று எதிர்பார்த்திருந்தால் பாதி வலிப்பு கண்ணில் படாது. இமையோரம் துடிப்பது, ஒரு விரல் மட்டும் அசைவது, உதட்டோரம் இழுப்பது, கண்மணி ஒரு பக்கமாக நிலைத்துப்போவது, மூச்சு திடீரென்று தாளம் தப்புவது ஆகியவையும் வலிப்புதான். வலிப்பை நிறுத்தும் டயாசெபாம் கொடுக்கும் முன்பு சர்க்கரை பார்க்கவேண்டும் என்பது மறுபடி மறுபடி சொல்லப்படுகிறது, ஏனென்றால் மறுபடி மறுபடி மறக்கப்படுகிறது.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்த வேலை மிகக் கடினமாகிறது. சதைப்பற்று இல்லாத குழந்தைக்குக் கண் குழிந்திருக்கும், தோலைக் கிள்ளினால் மடிப்பு நிற்கும். நீர் வற்றாதபோதும் வற்றியதுபோலவே இருக்கும். கைகால் சில்லிட்டு, நாடி வேகமாக ஓடும்போது, பயிற்சியில் புதியவர் கை தானாக டிரிப்பின் உருளையைத் திறந்துவிடும். ஒரு மணி நேரத்தில் குழந்தைக்கு நிறம் வரும், நாடி நிறையும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். மூன்றாவது மணியில் மூச்சு வேகமாகும். கல்லீரல் விலாவுக்குக் கீழே பெருத்து இறங்கும். நுரையீரலில் நீர் கோத்துவிட்டிருக்கும். மெலிந்த குழந்தையின் இதயச் சுவர் மெல்லியது. செல்களில் உள்ள சோடியத்தை வெளியேற்றும் இயக்கமும் மந்தமாகிவிட்டிருக்கும். உள்ளே போன உப்பும் நீரும் வெளியே வராது.

2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு இப்படி நீர் ஏற்றுவதை எல்லாக் குழந்தைகளுக்கும் கேள்வியாக்கியது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளில், வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் சுமார் 10.5 சதவீதம் பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர். அப்படி ஏற்றாமல் விட்டவர்களில் 7.3 சதவீதம் பேர். ஆய்வில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் மலேரியாக் குழந்தைகள். கடும் ஊட்டக்குறைவு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. சத்துள்ளவர்களுக்கே இப்படியென்றால் மெலிந்தவர்களைப் பற்றி ஊகிக்கலாம். அதிர்ச்சி நிலை உறுதியானால் மட்டும் நரம்பு வழி நீர், அதுவும் அளந்து என்பது வார்டு விதி. வயிற்றுப்போக்கு இருந்தால் சாதாரண உப்புச்சர்க்கரைக் கரைசலுக்குப் பதில் சோடியம் குறைத்து, பொட்டாசியம் கூட்டிய 'ரெசோமால்' கரைசல், வாய்வழியே, சிறு கோப்பையில்.

ரத்தமும் தண்ணீர்தான் என்பதைச் செவிலியர் மறக்கக்கூடாது. ஹீமோகுளோபின் 4 கிராமுக்குக் கீழே போய்விட்டால் தயங்க நேரமில்லை. 4-க்கும் 6-க்கும் இடையில் மூச்சுத்திணறல் இருந்தாலும் ரத்தம் ஏற்றவேண்டும். சத்துள்ள மலேரியாக் குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லி லிட்டர் முழு ரத்தம் கொடுப்பது வழக்கம். கடும் ஊட்டக்குறைவு இருந்தால் அதில் பாதிதான்: கிலோவுக்கு 10 மில்லி லிட்டர், மூன்று மணி நேரத்தில், தொடக்கத்தில் நீர் பிரிக்கும் ஃபுரோசமைடு ஊசியோடு. ஏழு கிலோக் குழந்தைக்கு 70 மில்லி லிட்டர். மில்லி லிட்டருக்கு 15 சொட்டு விழும் குழாயில் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஆறு சொட்டு, பத்து விநாடிக்கு ஒன்று. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு ஓடாததுபோலவே இருக்கும். தந்தை கொடுத்த ரத்தம் சொட்டாமல் நிற்பதாக நினைத்துக் குடும்பத்தார் உருளையைத் திறந்துவிடுவதும் நடக்கும். கொடுத்தவரிடமே அந்த ஆறு சொட்டுக் கணக்கை விளக்கி, கட்டிலருகே உட்காரவைத்து எண்ணச் சொன்னால் அவரைப்போன்ற காவல் வேறு கிடைக்காது.

முதல் ஒரு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறை நாடி, மூச்சு, வெப்பம். பிறகு அரைமணிக்கு ஒருமுறை. நாடி 25-ம் மூச்சு 5-ம் கூடி அப்படியே நின்றால், ஏறிக்கொண்டிருப்பது ரத்தமோ நீரோ பாலோ, நிறுத்தவேண்டும். இதற்கு முன்னால் இருந்த எண் தெரியாவிட்டால் கூடியதை எப்படிச் சொல்வது? ஆகவே எதையும் தொடங்கும் முன்பு மூச்சை முழு நிமிடம் எண்ணி எழுதுவது முக்கியம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது இங்கே உதவாது. சோகை முற்றிய குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. சிறுநீர் கோலா நிறத்தில் இறங்கினால் ரத்த அணுக்கள் பெருமளவில் உடைகின்றன என்று அர்த்தம். துணியில் பட்ட கறையைத் தாய்தான் முதலில் பார்ப்பார், கேட்டால்தான் சொல்வார்.

இனி உணவு. பசித்த குழந்தைக்கு நிறையக் கொடுக்கவேண்டும் என்று எந்தத் தாயின் கையும் நினைக்கும். பட்டினிக்கு ஈடுகொடுத்துத் தன் இயக்கத்தையெல்லாம் சுருக்கிக்கொண்ட உடம்பில் திடீரென்று உணவு இறங்கினால், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய்ந்து, இதயம் நின்றுபோகலாம். அதனால் முதல் கட்டத்துக்கு 'எஃப்-75': 100 மில்லி லிட்டரில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. உயிரை நிலைநிறுத்தும் பால். எடை கூட்டும் பால் அல்ல. நாளுக்குக் கிலோவுக்கு 130 மில்லி லிட்டர்; வீக்கம் அதிகம் என்றால் 100. ஆறு கிலோக் குழந்தைக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை 65 மில்லி லிட்டர், பகலும் இரவுமாகப் பன்னிரண்டு வேளை. ஒரு சின்ன டம்ளர்கூட நிறையாது. இரும்புச்சத்து மருந்து இந்தக் கட்டத்தில் கிடையாது, சோகை எவ்வளவு கண்ணில் குத்தினாலும்.

வார்டில் அறுபது குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 720 வேளைப் பால். இதில் இரவு இரண்டு மணி வேளையும் நான்கு மணி வேளையும்தான் தவறுபவை. தாய் அசந்து தூங்குகிறார், குழந்தையும் தூங்குகிறது, எழுப்ப மனமில்லை. நான்கு மணி நேரம் வெறும் வயிற்றில் கிடந்த குழந்தையின் சர்க்கரை விடியற்காலையில் இறங்கும், கூடவே உடம்புச் சூடும் இறங்கும். காலையில் கட்டில் காலியாக இருப்பதற்கு மரணப் பதிவேட்டில் மலேரியா என்று எழுதப்படும். இரவுப் பணியின் தரத்தை அறிய, நான்கு மணிப் பாலின் கட்டத்தில் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு முதலில் தாய்ப்பால், அரைமணி கழித்து எஃப்-75. கோப்பையில் ஊட்டவேண்டும், புட்டியில் கூடாது. அடுத்தடுத்து இரண்டு வேளையில் ஐந்தில் நான்கு பங்குகூட இறங்கவில்லையென்றால் மூக்குக் குழாய் போடவேண்டும். குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேளைக்கும் முன்பு சோதிக்கவேண்டும். ஊசிக்குழாயின் உந்தியை அழுத்திப் பாலைத் தள்ளக்கூடாது. உந்தியைக் கழற்றி, குழலை உயர்த்திப் பிடித்து, தானாக இறங்கவிடவேண்டும். பத்து நிமிடம் கை வலிக்கும். நினைவிழந்த குழந்தைக்கு இதிலும் ஒரு தர்மசங்கடம்: பால் கொடுத்தால் நுரையீரலுக்குள் ஏறலாம், கொடுக்காமல் டிரிப்பில் ஓட்டினால் நீர் மிஞ்சும். தலைப்பக்கம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மிகச் சிறு அளவில் தொடங்கி, வாந்தியைக் கவனித்தபடி கூட்டுவது என்று வார்டுகள் ஒரு நடுவழி வைத்திருக்கின்றன. அதற்கு விதியைவிடப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதே முக்கியம்.

காய்ச்சல் இந்தக் குழந்தைகளிடம் நம்பகமான சாட்சி அல்ல. மெலிந்த உடம்பால் காய்ச்சலை எழுப்பவே முடியாமல் போகும். ரத்தத்தில் கிருமி ஓடும்போதும் வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழே காட்டும். ஆகையால் தொற்று இருப்பதாகவே எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். துரிதப் பரிசோதனையும் ஏமாற்றும். ஒட்டுண்ணி செத்துப் பல நாள் கழித்தும் அதன் புரதம் ரத்தத்தில் மிஞ்சி இரண்டு கோடு காட்டும். இரண்டு வாரத்துக்கு முன் மலேரியாவுக்கு மருந்து எடுத்த குழந்தை மறுபடி வந்தால், கண்ணாடிச்சில்லில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி. கொதிக்கும் குழந்தையைத் தாய் ஈரத்துணியால் ஒற்றுவார்; மெலிந்த குழந்தைக்கு அது கூடாது, துணியை வாங்கி வைத்துவிட்டுப் பாராசிட்டமால் கொடுக்கவேண்டும். மழை பெய்து காற்றடிக்கும் இரவில் சாஹேல் பகுதியும் குளிரும். குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் ஒட்டிப் படுக்கவைத்து, மேலே கம்பளி போர்த்தி, தலைக்குக் குல்லாய் மாட்டினால் சூடு ஏறும். இதற்கு மின்சாரம் வேண்டாம், உதிரிபாகம் வேண்டாம்.

தாய்மார்களைப் பார்வையாளர்களாக நடத்தும் வார்டால் இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. மூச்சு இழுப்பது, கண் நிலைப்பது, பால் மறுப்பது என்று மூன்றை மட்டும் ஹௌசாவில் சொல்லிக்கொடுத்தால், மறுநாளே எதிர்க்கட்டில் குழந்தையைப் பற்றியும் அவர்கள் வந்து சொல்வார்கள். அறுவடைக்கு முன்பு தாயே பட்டினியாக இருப்பார். அவருக்கும் சோறு போடும் இடங்களில் குழந்தைகள் பாதியில் வீடு திரும்புவது குறைவு. சிகிச்சை முடியுமுன் தூக்கிக்கொண்டு போகும் தாய்க்கு வீட்டில் காத்திருக்கும் மற்ற பிள்ளைகளே பெரும்பாலும் காரணம். அவரைத் திட்டுவதைவிட எந்தக் கிராமம், அங்கே எந்தச் சுகாதார நிலையம், அடுத்த வாரம் எந்த நாளில் அங்கே போகமுடியும் என்று பேசுவது உபயோகமானது.

தேறுகிற குழந்தை முதலில் எரிச்சல் காட்டும். தொட்டால் கத்தும், குழாயைப் பிடுங்கும்; வார்டில் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு சிரிப்பு வரும். பசி திரும்பிய பின்பு, வீக்கம் வடியத் தொடங்கிய பின்பு, ஊட்டப்பசையை வைத்துச் சோதிக்கிறார்கள். ஆந்த்ரே பிரியாந், மிஷேல் லெஸ்கான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1990-களில் உருவாக்கிய 'பிளம்பிநட்' இது: வேர்க்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், விட்டமின், தாது உப்புகள். 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்கவேண்டாம், எனவே அழுக்குத் தண்ணீர் சேராது. 2005-இல் நைஜரில் பஞ்சம் முற்றியபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000-க்கும் மேற்பட்ட கடும் ஊட்டக்குறைவுக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்க முடிந்தது இந்தப் பசையால்தான். பெரும்பாலோர் வீட்டிலிருந்தே தேறினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் மலேரியாவோடும் மற்றச் சிக்கல்களோடும் வருபவர்களுக்கு மிச்சமாயிற்று. நாளுக்குக் கிலோவுக்கு 10 கிராம் எடை கூடினால் நல்ல தேற்றம். 5 கிராமுக்குக் கீழே என்றால் எங்கோ தொற்று ஒளிந்திருக்கிறது அல்லது பாக்கெட்டை அண்ணன் சாப்பிடுகிறான்.

வீட்டுக்கு அனுப்பும் முன்பு மூன்று நாள் கூட்டுமருந்து மாத்திரை முழுதும் உள்ளே போயிருக்கவேண்டும். ஆர்டிசுனேட் ஊசி ஒட்டுண்ணியை விரைந்து கொல்லும், ஆனால் உடம்பில் நெடுநேரம் தங்காது. கொசுவலை, ஒரு வாரத்துக்கான பாக்கெட், மழைக்கால மாதங்களில் கொடுக்கும் தடுப்பு மாத்திரை எங்கே கிடைக்கும் என்ற தகவல் ஆகியவையும் கொடுத்தாகவேண்டும். ஊசி போட்ட சில குழந்தைகளுக்கு ஒரு வாரம் கழிந்தபின் ரத்த அணுக்கள் தாமதமாக உடைந்து, சோகை திரும்பும். குழந்தை விளையாடிக்கொண்டே வெளுக்கும். காய்ச்சல் இருக்காது, ஆகவே யாரும் கொண்டுவரமாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பார்க்கவேண்டும் என்று அட்டையில் பிரெஞ்சில் தேதி எழுதப்படுகிறது. தாயிடம் அதைத் தேதியாகச் சொல்வதில்லை. அவர் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்று கேட்டு, எத்தனையாவது சந்தையன்று வரவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.